ஆறு பத்து பஸ்ஸில் அம்மா

அப்பாவிடம் எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல்லலாம், பஸ் நேரம் மட்டும் சொல்லக் கூடாது. என் தம்பிக்கு இது தெரியாமல் இல்லை. முப்பத்து நான்கு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர் அப்பா. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதியே ரிடையர் ஆனவர். பெற்ற பிள்ளைகளின் பேர் இப்போது அவருக்கு நினைவில்லை, பஸ் நேரம் மட்டும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், "அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கப்பா, ஆறு பத்து பஸ்ல வந்துடுவாங்க" என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறான்.

அம்மா இறந்து மூன்று வருடமாகிறது.

அப்பாவை நாங்கள் இரண்டு பேரும் பாதிப் பாதியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாதத்தின் முதல் பதினைந்து நாள் என் வீடு, மிச்சம் தம்பி வீடு. முப்பத்தொன்றாம் தேதி உள்ள மாதங்களில் அவனுக்கு ஒரு நாள் கூட வரும். அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டான். ஏதோ மலையைத் தூக்கி வைத்தது போல் பேசுவான். பிப்ரவரியைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டான்.

அவன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். நின்றுகொண்டே தூங்குகிறவனிடமும் ஒரு மெத்தையை விற்றுவிடுவான். சின்ன வயதிலேயே அம்மா அவனுக்கு வைத்த பேர் 'சமாளி'. நான் அதற்கு நேர் எதிர். மருந்து பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. வெளிச்சத்துக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். கண்ணாடிக்குள் குமிழி இருக்கிறதா, கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். நல்லது, ஆகாதது, அவ்வளவுதான். நடுவில் ஒன்றும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அப்படியே பார்த்துப் பார்த்து என் குணமும் அப்படி ஆகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் அதே தொழிற்சாலையில் உலைப் பிரிவில் இருக்கிறார். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவருக்கு மாலை, எனக்கு மாலை என்றால் அவருக்குக் காலை. அப்பா எங்களிடம் இருக்கும் நாட்களில் நாங்கள் இருவரும் வாசற்படியில்தான் சந்தித்துக்கொள்வோம். வீட்டுச் சாவியையும் அப்பாவையும் கைமாற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

ஷிப்ட் மாறும்போது எங்கள் வேலையில் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். என்ன கோளாறு, எத்தனை மணிக்கு, என்ன செய்தோம். அடுத்து வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் மிஷினைத் தொடுவார். அதே மாதிரி ஒரு நோட்டை அப்பாவுக்கும் போட்டேன். அப்பா எந்த வீட்டுக்குப் போகிறாரோ நோட்டும் அவருடைய பையில் கூடவே போகும். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குக் குளியல், என்ன கேட்டார், என்ன சொன்னோம் எல்லாம் அதில் இருக்கும். தம்பி முதலில் கிண்டல் செய்தான். "அக்கா, அப்பாவை நீ பாட்டில்னு நினைச்சுட்டியா?" என்றான். பிறகு அவனும் ஒழுங்காகவே எழுத ஆரம்பித்தான், நடுநடுவே தன் அசட்டு ஜோக்குகளோடு.

அப்பா கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அவ எங்கே?"

அம்மாவைத்தான் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் இரண்டு பதில். தம்பி வீட்டில் அம்மா கடைக்குப் போயிருப்பாள், பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருப்பாள், டாக்டரைப் பார்க்கப் போயிருப்பாள். உயிரோடு இருந்தபோது கூட அம்மா இவ்வளவு ஊர் சுற்றியதில்லை. என் வீட்டில் நான் உண்மையைச் சொல்வேன். "அம்மா இறந்துட்டாங்கப்பா. மூணு வருஷமாச்சு."

சொன்னால் அழுவார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிற மாதிரியே அழுவார். "ஏன் எனக்கு யாரும் சொல்லல?" என்பார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரத்தில் அழுததையும் மறந்துவிடுவார், எதற்காக என்று தெரியாத ஒரு துக்கம் மட்டும் முகத்தில் மிச்சமிருக்கும். நான் நோட்டில் எழுதுவேன்: 'உண்மை சொன்னேன். அழுதார். சாப்பிடவில்லை.' ஒரே பதினைந்து நாளில் பதினொரு தடவை இதை எழுதியிருக்கிறேன். பெற்ற தகப்பனை ஏமாற்றாமல் இருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வேறு. இப்போது நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறு பத்து பஸ் விவகாரம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தம்பி முறை. எனக்கு மாலை ஷிப்ட். ஆறரை மணிக்கு அவனிடமிருந்து போன்.

"அக்கா, அப்பாவைக் காணோம்."

நான் மெயின் சுவிட்சைப் பார்த்து ஓடி வரிசையை நிறுத்தச் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் வேலையைப் பாதியில் விட்டு வந்தது அதுதான் முதல் தடவை. தம்பி ஒரு பக்கம் தேடினான், அவன் மனைவி ஒரு பக்கம் தேடினாள், நான் ஆட்டோ பிடித்துத் தெருத் தெருவாகப் போனேன். ரோட்டில் ஒவ்வொரு லாரி போகும்போதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏழரை மணி சுமாருக்கு, தம்பி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி உள்ள பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். நிழற்குடைக்கு அடியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய செய்தித்தாள். அதன் ஓரத்தில் பஸ் நம்பர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் பத்தி பிரித்து எழுதியிருந்தார். நான் போனபோது ஒரு டிரைவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு நிமிஷம் லேட். என்ன காரணம்?"

"டிராபிக் சார்," என்றார் அந்த டிரைவர், நிஜமாகவே பயந்தவர் போல. "நாளைலேருந்து சரியா வந்துடறேன்." அவர் நன்றாக இருக்கட்டும்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் யாரென்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டார். "ஆறு பத்துல அவ வரலைம்மா. அதுக்கப்புறம் ஏழு வண்டி போயிடுச்சு. ஒண்ணுலயும் வரலை."

அப்போதுதான் தம்பி என்ன செய்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கோபம் அவன் மேல், கொட்டியது அப்பாவிடம். "எந்த பஸ்லயும் வரமாட்டாங்கப்பா. அம்மா செத்துப்போயிட்டாங்க," என்று அந்த நடுத்தெருவில் கத்திவிட்டேன். 'இறந்துட்டாங்க' என்று கூடச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரைக் கையைப் பிடித்து எழுப்பக் கூட எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பி மூச்சு வாங்க ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டான். எங்களில் யார் செய்தது பெரிய தப்பு என்று எடை போட்டுப் பார்க்க அங்கே யாருக்கும் திராணி இல்லை.

அன்றைக்கே முடிவு செய்தோம். நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. நல்ல இடம்தான், குறை சொல்ல முடியாது. சுத்தமான அறைகள், ராத்திரி பகல் பார்த்துக்கொள்ள நர்ஸுகள், பூட்டிய கேட். ஒரே ஒரு அறை காலியாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். "நம்மால முடியலக்கா," என்றான் தம்பி. "இன்னொரு தடவை காணாம போனா நான் உயிரோட இருக்கமாட்டேன்." நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவை அங்கே கொண்டுபோய் விட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் வைத்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை வரைக்கும் நான் லீவு போட்டு அப்பாவை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். இல்லத்திலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து, "அவரோட பழக்கவழக்கம் எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொண்டு வாங்க" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு மாதத்து நோட்டு. அதுவரை முந்தின நாள் பக்கத்தை மட்டும்தான் படித்திருந்தேன். முதல் பக்கத்திலிருந்து சேர்த்துப் படித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் பாட்டிலை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டோம். கோளாறுக்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது என்று பார்ப்போம். கை தன்னால் அதையே செய்தது. 'அவ எங்கே' என்று கேட்ட நேரத்தை எல்லாம் தனியாக எழுதினேன். சாயங்காலமானால் இந்த மாதிரி ஆட்களுக்குக் குழப்பம் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்களும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் நோட்டு வேறு கதை சொன்னது. தம்பி வீட்டில் ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும் கேட்டிருக்கிறார். என் வீட்டில் எனக்கு மாலை ஷிப்ட் வாரங்களில் பன்னிரண்டு மணிக்கும் எட்டு மணிக்கும், காலை ஷிப்ட் வாரங்களில் இரண்டரைக்கும் ஏழுக்கும். காலையில் இரண்டு வீட்டிலும் அவருக்கு ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி மட்டும்தான், அப்போது ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. வயிறு சரியில்லாமல் ஒரு நாள் முழுக்க வெறும் கஞ்சித் தண்ணீரோடு படுத்துக் கிடந்தார். அன்றைக்கும் கேட்கவில்லை.

தட்டு. அவருக்கு முன்னால் தட்டை வைத்தால் கேட்கிறார்.

ஏழு மாதமாக என் எழுத்திலும் தம்பி எழுத்திலும் இது அங்கேயே கிடந்திருக்கிறது. பதில் சொல்வதிலேயே நாங்கள் மும்முரமாக இருந்தோம். பொய் சொல்லலாமா கூடாதா என்று எத்தனை சண்டை. இவர் எதற்காகக் கேட்கிறார் என்று ஒருத்தருக்குக் கூடத் தோன்றவில்லை.

மத்தியானம் தட்டை வைத்தேன். அப்பா தட்டைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அவ எங்கே?"

"எதுக்குப்பா கேக்கறீங்க?" என்றேன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு, ரகசியம் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு டிப்போல முடிய நேரமாகும்மா. அவ நான் வர வரைக்கும் சாப்பிடமாட்டா. எத்தனையோ தடவை சொல்லிட்டேன், கேக்கறதில்ல. நான் இங்க யார் வீட்லயோ உக்காந்து சாப்பிட்டா, அவ அங்க பட்டினியா இருப்பா. சாப்பிட்டாளான்னு மட்டும் யாராவது கேட்டுச் சொன்னா போதும்."

மூன்று வருடமாக இவர் அம்மாவைத் தேடவில்லை. அவள் பசியோடு உட்கார்ந்திருப்பாளே என்ற கவலையில்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பசிக்கிற மனைவியைப் பற்றிக் கேட்டவரிடம் நான் ஒவ்வொரு தடவையும் அவள் செத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன்.

சாப்பிட்டுட்டாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கு அது தெரியாது. அம்மா இறந்தது தம்பி வீட்டில், மத்தியான நேரத்தில். நான் ஷிப்டில் இருந்தேன். போன் செய்ய அவன் தாமதித்துவிட்டான் என்று அன்றைக்கு அவனைப் பிடி பிடி என்று பிடித்தேன். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அம்மா கடைசியாகச் சாப்பிட்டாளா இல்லையா என்று கூட மகளுக்குத் தெரியவில்லை.

"கேட்டுச் சொல்றேன்ப்பா," என்றேன்.

"சரி, கேளு. நான் காத்திருக்கேன்," என்றார். அழவில்லை. தட்டைத் தள்ளவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷத்தில் கேட்டதே மறந்துபோய் ஏதோ கொஞ்சம் கொறித்தார்.

தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, நேரம், தட்டு எல்லாம். அவன் குறுக்கே பேசவில்லை. அவன் விஷயத்தில் அதுவே அதிசயம்.

"அன்னிக்கு அம்மா சாப்பிட்டாங்களாடா?" என்று கேட்டேன்.

கடையில் யாரோ மெத்தையைத் தட்டிப் பார்க்கிற ஓசை மட்டும் கேட்டது. "நாளைக்கு வரேன்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வந்தான். வெளியில் காரை நிறுத்திவிட்டு வந்து, பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அன்றைக்கு மட்டும் மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கிளம்பும்போது அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கிளம்புவதற்கு முன்னால் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிடலாம் என்று தட்டை வைத்தேன்.

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பினார். "அவ எங்கே? சாப்பிட்டாளா?"

நான் தம்பியைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவன் அவன்தான். ஒரு மெத்தையைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவனுக்கு வார்த்தை வரவில்லை. சமாளித்துவிடுவானோ என்று எனக்குப் பயமாகவும் இருந்தது. அவன் புளுகினால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

"சாப்பிட்டாங்கப்பா," என்றான். "நான்தான் பரிமாறினேன். நீங்க சாப்பிட்டு முடிச்சு எழுந்தப்புறம்தான் உக்காந்தாங்க. ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. கீரையில உப்பு கம்மின்னு என்னைத் திட்டினாங்க. நான் உப்பு எடுத்துட்டு வந்து போட்டேன். அப்புறம் நல்லாருக்குன்னு சொல்லி, தட்டைச் சுத்தமா வழிச்சுச் சாப்பிட்டாங்க. கை கழுவிட்டு வந்து, கொஞ்சம் படுத்துக்கறேன்னு படுத்தாங்க."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுடைய பொய்களில் எல்லாம் எப்போதும் சரியாக இருக்கும், எதிலும் உப்பு குறையாது.

அப்பா கண்ணை மூடித் திறந்தார். "உப்பு கம்மின்னாளா?" என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எத்தனை நாள் ஆயிற்று அதைப் பார்த்து! "அவ அப்படித்தான். யாரு சமைச்சாலும் அதைச் சொல்லாம இருக்கமாட்டா. வயிறு நிறையச் சாப்பிட்டாளா?"

"நிறையச் சாப்பிட்டாங்கப்பா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு வாயாக, தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல்.

தம்பி சுவரோடு சாய்ந்து நின்று அழுதான். "படுத்தவங்களை எழுப்பப் போனவன் நான்தான்க்கா," என்றான். "எழுப்பிப் பார்த்தேன், எழுப்பிப் பார்த்தேன்... உனக்கு எப்படிப் போன் பண்றதுன்னே தெரியல. அந்த வார்த்தையை என்னால சொல்லவே முடியல. அப்பாகிட்டயும் முடியல." நான் அவன் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவனைத் திட்டியதற்காக மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் அப்பா எங்களை நிமிர்ந்து பார்த்தார். "யார் வீட்டுப் பிள்ளைங்களோ தெரியல," என்றார். "பசி நேரத்துல நின்னுக்கிட்டிருக்காதீங்க. உக்காருங்க. அவதான் சாப்பிட்டாச்சே, நீங்க ஏன் காத்திருக்கீங்க?"

உட்கார்ந்தோம். ஆளுக்கொரு தட்டு எடுத்துவந்து, அவருக்கு எதிரில் நானும் தம்பியும். அம்மா போன பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வேளை கூடச் சாப்பிட்டதில்லை. தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டான். "கொழந்தை மாதிரி உறிஞ்சாதடா," என்றேன். அப்பாவும் அவனை அதட்டினார்.

பாதிச் சாப்பாட்டில் தம்பியின் போன் அடித்தது. இல்லத்திலிருந்து. எத்தனை மணிக்கு வருகிறோம் என்று கேட்கிறார்கள். கார் பஞ்சர், வீட்டில் காய்ச்சல், உறவுக்காரர் வந்திருக்கிறார் என்று ஏதாவது ஒன்றை அவிழ்த்துவிடுவான் என்று காத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"நாங்க வரலீங்க," என்றான். "அப்பா எங்களோடயே இருக்கட்டும். ஒரு நாள் முடியாம போகலாம். அப்ப நாங்களே வந்து கேக்கறோம். இப்ப முடியும்னு தோணுது. அந்த அறையை வேற யாருக்காவது குடுத்துடுங்க." ஒரு சாக்கு இல்லை, ஒரு இழுப்பு இல்லை. என் தம்பியா பேசுகிறான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

போனைக் கீழே வைத்தான். அப்பா தலையைத் தூக்கினார்.

"யாருப்பா போன்ல?"

"ராங் நம்பர்ப்பா," என்றான் தம்பி, கண் கூட இமைக்காமல்.

நான் பேசாமல் அப்பா தட்டில் இன்னும் கொஞ்சம் கறியை வைத்தேன்.